பிடியரிசி: அடுப்படியில் தொடங்கும் அறம்

பிறருக்கு ஏதேனும் நன்மை செய்ய வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர் நம்மிடையே குறைவு. எண்ணம் இருந்தும் செயல் நடவாமல் போவதற்குக் காரணம், அதை நாம் மனநிலைக்கும் வசதிக்கும் விட்டுவிடுவதுதான். சம்பளம் உயரட்டும், பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிப்போடும் தருமம், கடைசியில் பெற்றோரின் திதியன்றோ பிள்ளையின் பிறந்தநாளன்றோ ஒரு முதியோர் இல்லத்துக்குக் கட்டும் ஒரு வேளைச் சாப்பாட்டுத் தொகையோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வேளையும் பசித்த வயிற்றை நிரப்புவதால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆண்டுக்கொரு முறை கொடுப்பதால் கொடுப்பவரின் இயல்பு மாறுவதில்லை. நாள் தவறாமல் செய்யும் சிறு செயலுக்கே அந்த வலிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அத்தகைய செயல் ஒன்று நம் வீடுகளில் முன்பே வழக்கத்தில் இருந்தது. உலையில் இடுவதற்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள்; பானை நிறைந்ததும் அது இல்லாதவருக்குப் போகும். இதுவே பிடியரிசி. இன்றைய வீட்டில் இந்த வழக்கத்தை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு விடாமல் காப்பது, சேர்ந்த அரிசியைப் பெறுபவரின் மனம் நோகாமல் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். ஒரு பிடி எடுப்பது எளிது. கொண்டு சேர்ப்பதில்தான் கவனமும் பக்குவமும் தேவைப்படுகின்றன. ஆகவே அதைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பிடியால் என்ன ஆகிவிடும் என்று தயங்குவோர்க்கு முதலில் ஒரு செய்தி. விருதுநகரில் 1885-இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை, அவ்வூர்க் குடும்பங்கள் நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசியையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த பள்ளி. அங்கே படித்த காமராசர் பிற்காலத்தில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், வீடுதோறும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைக்கச் சொல்லி, சேர்ந்ததை அந்தந்த ஊர்க் கோயிலில் சமைத்துப் படைத்து ஏழைகளுக்கு வழங்கும் முறையை ஊக்குவித்தார். மிசோரமில் கிறித்தவக் குடும்பங்களின் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சோறு ஆக்குவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைப்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. ஆக, இது எந்த ஒரு சமயத்துக்கும் உரிய சடங்கு அன்று. அரிசியை உணவாகக் கொண்ட மக்கள் வெவ்வேறு இடங்களில் தாமாகவே கண்டுகொண்ட வழி.

பானையும் பிடியும்

பானை எதுவாகவும் இருக்கலாம். இறுக மூடும் மூடி வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். மூன்று கிலோ கொள்ளும் எவர்சில்வர் தூக்கோ டப்பாவோ போதும். அதை வைக்கும் இடம்தான் முக்கியம். பூசையறையில் வைத்தால் மங்கலமாக இருக்கும் என்று சிலர் எண்ணுவார்கள். ஆனால் சமைக்கிற அவசரத்தில் ஒரு பிடி அரிசியோடு பூசையறைக்கு நடப்பது சில நாள்களிலேயே நின்றுபோகும். அரிசி டிரம்மின் பக்கத்திலேயே, ஆழாக்கைக் கையில் எடுத்தால் கண்ணில் படுமாறு வைத்துவிட வேண்டும். புதிய வழக்கத்தைப் பழைய வழக்கத்தோடு முடிந்துவிட்டால்தான் அது நிலைக்கும். அரிசி அளப்பதை நாம் மறப்பதில்லை; ஆகவே பிடி எடுப்பதும் மறக்காது.

எடுக்க வேண்டிய நேரம், அளந்த பிறகு, களைவதற்கு முன். டிரம்மிலிருந்து தனியாக ஒரு பிடி அள்ளிப் போட்டால் கணக்கு ஒன்றுதானே என்று கேட்கலாம். கணக்கு ஒன்றுதான், செயல் வேறு. வீட்டாருக்கென்று அளந்த அரிசியிலிருந்து எடுக்கும்போது, நம் பங்கில் ஒரு பகுதி இன்னொருவருக்கு உரியது என்பதைக் கை உணர்கிறது. நால்வருக்கு மூன்று ஆழாக்கு அளந்து, விரல்களை மடக்கி ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் நழுவும் மணிகள் மீண்டும் பாத்திரத்தில் விழ, மீதியைத் தூக்கில் இடும் அந்தச் சில நொடிகளே இந்தப் பழக்கத்தின் உயிர். அந்த நேரத்தில் விரும்பிய தெய்வத்தின் பெயரைச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை, இதை உண்ணப்போகிறவர் நலமாக இருக்கட்டும் என்று மனத்துக்குள் நினைப்பதே போதுமான வழிபாடு.

அளவைப் பார்ப்போம். ஒரு பிடி என்பது கையின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். நாளொன்றுக்கு ஒரு பிடி என்றால் முப்பது நாளில் 1,200 முதல் 1,500 கிராம் வரை சேரும். ஒருவர் வயிறார உண்ண 100 முதல் 125 கிராம் அரிசி வேண்டும் என்று கொண்டால், ஒரு வீட்டின் ஒரு மாதப் பிடியரிசி ஒருவருக்குப் பத்து வேளைச் சோறு. இந்தப் பத்து வேளைக்காக உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளில் ஓரிரு கவளத்துக்குமேல் குறைந்திருக்காது.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் சமைத்த பெண்தான். சோறு குறைந்தால் அவருடைய தட்டில்தான் குறையும். பிடியரிசி எடுத்ததால் அம்மாவோ மனைவியோ இரவில் மோர் குடித்துப் படுக்க நேர்ந்தால், அந்த வீட்டில் நடந்தது தருமம் அன்று. ஒருவருடைய பசியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்ததுதான். ஆகவே வீட்டார் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வேளை ஒன்றாவது இருக்க வேண்டும். குறைந்தால் எல்லோருக்கும் சிறிது குறையட்டும். அதுபோலவே, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தர வேண்டிய சம்பளத்துக்கோ தீபாவளிப் பணத்துக்கோ ஈடாகப் பிடியரிசியைக் கொடுக்கவே கூடாது. உழைத்தவருக்குச் சேர வேண்டியது கடன். கடனைத் தீர்த்துவிட்டுத் தருமம் என்று பெயர் சூட்டிக்கொள்வதைவிட மனத்துக்குக் கேடான பழக்கம் வேறில்லை.

அரிசியைப் பேணுதல்

பானையில் பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலக்காதீர்கள். புழுங்கல் வேகும் முன்பே பச்சரிசி குழைந்துவிடும். அப்படிப்பட்ட கலவையை வாங்கிப்போகிறவர் சமைக்க முடியாமல் திண்டாடுவார். இட்லி அரிசிக்கும் இதுவே பொருந்தும். பொங்கலோ இடியாப்பமோ செய்யும் நாளில் பச்சரிசி அளந்தாலும், பிடி மட்டும் அன்றாடச் சோற்று அரிசியிலிருந்து எடுப்பது நல்லது. வண்டு வராமல் இருக்க, காய்ந்த வேப்பிலையோ காம்பு கிள்ளாத மிளகாய் வற்றலோ நாலைந்து போட்டு வைக்கலாம். வண்டு வந்துவிட்டால் நிழலில் காற்றாட உலர்த்திப் புடைக்க வேண்டும். கடும் வெயிலில் காய வைத்தால் அரிசி நொறுங்கிவிடும். புடைத்த பிறகும் அதை நம் வீட்டில் சமைக்க மனம் ஒப்பவில்லை என்றால், அது பிறருக்கும் ஆகாது. நாம் உண்ணாததைக் கொடுப்பதில்லை என்ற விதியை முதல் நாளே வகுத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. ஈரக் கையோடு அள்ளக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விடுதியில் தங்கியிருப்போரும், தனியாக இருந்து கடையில் உண்போரும், சர்க்கரை நோயால் சோற்றைக் குறைத்துக்கொண்டோரும் பிடிக்கு ஈடாகக் காசு போடலாம். சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஐந்து ரூபாயை ஓர் உண்டியலில் இடுவது எளிது. செயலி வழியே தானாகவே மாதந்தோறும் பணம் போகுமாறு செய்துவிடலாமே என்று கேட்கலாம். பெறுகிற நிறுவனத்துக்கு அது மிகவும் உதவும்; தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தானாக நடக்கும் ஒன்றால் நம்மைப் பழக்க முடியாது. ஆகவே கையால் எடுத்து வைப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

யாருக்கு

வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிழக்குக் கடற்கரையின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது; வருகிறவரின் சாதியையோ சமயத்தையோ ஊரையோ கேட்காமல் சோறு போடுகிறார்கள். பசி நீக்குவதையே கடவுள் வழிபாடாகக் கண்டவர் அவர். வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாக அவர் பாடிய செய்யுளை அறியாத தமிழர் இல்லை. அதே செய்யுளில் பலரும் கவனிக்காத ஒரு பகுப்பு இருக்கிறது. வீடுதோறும் சென்று இரந்தும் பசி தீராதவரை ஒரு பக்கம் கண்டு பதைக்கிறார். ஒப்பற்ற மானமுடையவராய், ஏழையாய் இருந்து, கேட்காமலேயே நெஞ்சு மெலிந்தவரை வேறாகக் கண்டு தாமும் மெலிகிறார். முதல் வகையினர் நம் கண்ணில் படுவார்கள். இரண்டாம் வகையினரை நாம்தான் தேடிப்போக வேண்டும்.

நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும்போது தமிழ்நாட்டில் பசி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2011 முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மை. இந்த ஒன்றால் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மதிய உணவும் பள்ளி நாள்களில் பிள்ளைகளைக் காக்கின்றன. எனினும் அந்த வலையின் கண்களுக்கு இடையே நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவரிடம் அரிசி இருக்கும்; அதை உலையிலிட்டு வடிக்கும் தெம்பு இருக்காது, காய் வாங்கக் காசும் இருக்காது. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எரிவாயு, மருந்து, மின்கட்டணம் போக அதில் பருப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கோடை விடுமுறையில் பள்ளிச் சோறு இல்லை. அரசு மருத்துவமனையில் உள்நோயாளிக்கு உணவு வரும். அவரைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ வராது. கட்டடப் பணிக்காக வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பம், வேலையில்லாத மழை வாரத்தில் என்ன சாப்பிடுகிறது என்பதை அந்தத் தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

ஆம், தேடுவதற்கு நல்ல வழி, தெரிந்தவரிடம் கேட்பதுதான். மளிகைக் கடைக்காரர், பால் போடுகிறவர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். ஆனால் கேட்கும்போது நாலு பேர் கூடியிருக்கக் கேட்காதீர்கள். ஒரு பெயர் கிடைத்ததும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அருகில் அப்படி எவரையும் அறியாதவர்கள், பானை நிறையும்போது நம்பத்தகுந்த முதியோர் இல்லத்திலோ, கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ நடக்கும் அன்னதானத்திலோ, வடலூர்த் தருமச்சாலையிலோ சேர்க்கலாம். எனக்கு ஒரு விருப்பம் உண்டு: நடந்தே போகும் தொலைவில் ஒருவராவது இருக்கட்டும். தொலைவிலுள்ள நூறு பேருக்கு அரிசி அனுப்பிவிட்டு, எதிர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் பாட்டியின் பெயரே தெரியாமல் இருப்பது நல்ல வாழ்க்கை ஆகாது.

கொண்டு சேர்த்தல்

இந்த வழக்கத்தில் மிகக் கடினமான பகுதி இதுவே. கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயும் இருப்பதை நம்மால் மாற்ற முடியாது. அந்த உயர வேறுபாட்டை இருவரும் உணராதபடி செய்ய முடியும்.

முதல் முறை அரிசியோடு போகாதீர்கள். வெறுங்கையோடு போய், உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். ஊர் எது, பிள்ளைகள் எங்கே என்று விசாரிக்கலாம். பிள்ளைகள் ஏன் பார்ப்பதில்லை என்று கேட்கக்கூடாது. அவர் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு, மகனையோ மருமகளையோ திட்டாமல் இருங்கள். தன் மகனைத் தானே ஏசும் தாய்க்கும், பிறர் ஏசக் கேட்பது சுடும். இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வந்த பிறகு, “பாட்டி, வீட்டில் அரிசி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொண்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்” என்பதுபோல் சொல்லிக் கொடுக்கலாம். இது பொய் ஆகாது. எடுத்து வைத்த அரிசி நம்முடையதன்று. அதை அவர் பெற்றுக்கொள்வது உண்மையிலேயே நமக்குச் செய்யும் உதவிதான்.

நேரம் பார்த்துப் போங்கள். தெருக் குழாயடியில் கூட்டம் இருக்கும் காலையும், வாசல்களில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் மாலையும் வேண்டாம். கடையில் வாங்கிவந்த சாமான்போல் சாதாரணத் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். அமைப்பின் பெயரோ நன்கொடையாளர் பெயரோ அச்சடித்த பை வேண்டவே வேண்டாம். படம் எடுக்காதீர்கள். சமூக வலைத்தளத்தில் போட்டால் பிறரும் செய்வார்களே என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தத் தூண்டுதலுக்கான விலையைக் கொடுப்பவர் படத்தில் கை நீட்டி நிற்கிறவர், அவரிடம் நாம் ஒப்புதல் கேட்டாலும் அவரால் மறுக்க முடியாது. பிறரைத் தூண்ட வேண்டுமானால் பானையைப் படம் எடுத்துப் போடலாம்.

அரிசி மட்டும் போனால் அது சோறாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு பிடி புளி, சிறு பொட்டலம் மிளகாய்த்தூள் என்று சேர்த்துக் கொடுத்தால் குழம்பு ஆகும். பல் இல்லாதவருக்குக் குருணையும் பாசிப்பருப்பும் கொடுத்தால் கஞ்சி வைத்துக்கொள்வார். சர்க்கரை நோய் உள்ளவர் அரிசிக்குப் பதில் கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ கேட்கலாம். அரிசியைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லாமல், நாமே வாங்கித் தர வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் “ஒன்றும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “இன்றைக்கு என்ன குழம்பு?” என்று கேட்டால் உண்மை தெரியும்.

சமையல் செய்ய இயலாதவருக்குச் சமைத்தே கொண்டுபோக வேண்டியிருக்கும். அப்போது நம் வீட்டுக்கு வடித்த சோற்றிலிருந்து, நாம் உண்பதற்கு முன் எடுக்க வேண்டும். மிஞ்சியதைக் கொண்டுபோவது கூடாது. வடித்த சோற்றைச் சூடு ஆறாமல் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். வெளியில் நெடுநேரம் இருந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. முதியவரின் வயிறு அதைத் தாங்காது. கோடையில் தேங்காய் அரைத்த குழம்பையும் கூட்டையும் தவிர்த்து, ரசமோ வற்றல் குழம்போ கொடுப்பது பாதுகாப்பானது. “இராத்திரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வருவது அன்பு போலத் தோன்றும். இராத்திரிக்கு வேறு ஏற்பாடு செய்வதே நல்லது.

பாத்திரம் திரும்பி வரும்போது கவனியுங்கள். பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நம் ஊர் மரபு. நீங்கள் சோறு கொண்டுபோன தூக்கில் அந்தப் பாட்டி, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையை ஒரு பிடி, காம்பைத் தட்டி ஒழுங்காக அடுக்கி, மேலே ஈரத்துணி போர்த்தித் தருவார். “எதற்குப் பாட்டி இதெல்லாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே சமையுங்கள். மறுநாள் போகும்போது கீரை இளசாக இருந்தது, பிள்ளைகள் கேட்டுச் சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். அந்த ஒரு பிடிக் கீரையில்தான் அவர் உங்களுக்குச் சமமாக நிற்கிறார். அதை மறுப்பவர் அவரை என்றென்றும் வாங்குபவராகவே நிறுத்திவைக்கிறார். நான் அறிந்தவரை, கொடுப்பதைவிடப் பணிவு மிகுதியாக வேண்டுவது இந்த வாங்குதலுக்குத்தான்.

மனத்தில் எழும் தடைகள்

சில மாதங்கள் ஆனதும் ஒரு சலிப்பு வரும். கொடுத்தவரிடம் நன்றி இல்லையே என்று தோன்றும். அரிசி நன்றாக வேகவில்லை என்று அவர் குறை சொன்னால் கோபமும் வரும். குறை சொல்லும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார் என்றால், நம்மை அந்நியராக நினைக்கவில்லை என்று பொருள். சொந்தப் பாட்டியாக இருந்தால் குறை சொல்லமாட்டாரா? வேறு அரிசி வாங்கிக் கொடுங்கள். கொடுத்த அரிசியை அவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாலும் வருந்த வேண்டாம்; அவருக்கும் கொடுக்க ஆசை இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தடை பெருமை. சிறிய நன்மையைச் செய்தவுடனே, மற்றவர் செய்யாததைக் கணக்கெடுக்கும் பழக்கம் மனத்துக்கு உண்டு. பக்கத்து வீட்டில் பிறந்தநாளுக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால், பானையில் விழும் பிடி நம்மைக் கெடுக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதற்கு நான் அறிந்த மருந்து, பேசாமல் செய்வது. உறவினர் வந்தால் பானையைக் காட்ட வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகளை ஈடுபடுத்துவதிலும் இதே கவனம் தேவை. பள்ளிக்குக் கிளம்பும் முன் குழந்தையின் சின்னக் கையால் ஒரு பிடி போடச் செய்யலாம். அதற்காகப் பாராட்டுவதோ பரிசு கொடுப்பதோ வேண்டாம். பல் துலக்குவதைப்போல் அது வீட்டில் நடக்கும் ஒன்றாக இருக்கட்டும். கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துச் சென்றால், வாங்குகிற வீட்டில் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளை இல்லை என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளும் மறுநாள் ஒரே வகுப்பில் முகம் பார்த்து உட்கார வேண்டும்.

பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் மாதம் 12 கிலோவுக்கு மேல் சேரும். அதாவது நூறு வேளைச் சோறு. அப்போது ஒருவர் அரிசியைத் திரட்டவும் வேறொருவர் கணக்கு எழுதவும் வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பது எல்லோருக்கும் தெரியட்டும்; யாருக்குப் போனது என்பது இருவருக்குமேல் தெரிய வேண்டியதில்லை. இந்த வீட்டில் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சுக்கும் இடம் தராதீர்கள். எல்லாத் தூக்குகளையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டு, பிறகு எடை போட்டால் அந்தப் பேச்சு எழாது.

கடைசியாக, உங்கள் வீட்டிலேயே கை வறண்டுபோகும் மாதங்கள் வரலாம். வேலை போகலாம், மருத்துவச் செலவு வரலாம். அப்போது பிடியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு சிட்டிகையாக்கிக்கொள்ளுங்கள். எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். அதற்கும் மேலாக நெருக்கடி வந்து டிரம்மில் அரிசி இல்லை என்றால், பானையைத் திறந்து அதிலிருந்தே அளந்து உலையில் இடுங்கள். பசித்தவருக்கென்று எடுத்து வைத்த அரிசி அது. இன்று பசித்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை ஆழாக்கு எடுத்தீர்கள் என்பதைப் பானையின் மூடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்து, நிலைமை சீரானதும் நாளுக்கு இரண்டு பிடியாகப் போட்டு நிரப்பிவிடுங்கள்.